கொழுந்து மடுவத்தில் ஒரு கணக்குப் பாடம்

தமிழ்மொழித்தினப் போட்டிக்கான சுற்றுநிருபம் வந்த கையோடு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு காட்சி நடக்கும். நாடகத்துக்குப் பொறுப்பான சேர் ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்குவார். "யாரு நடிக்கிறீங்க?" என்று கேட்பார். முழு வகுப்பும் கை தூக்கும். ஆனால் அவர் கண் போவது வழக்கமான நாலைந்து பிள்ளைகளிடம்தான். குரல் கணீரென்று இருக்க வேண்டும், ழகரம் வழுக்கக் கூடாது, போன வருஷம் வலய மட்டத்தில் மேடையேறியிருந்தால் இன்னும் நல்லது. மிச்சப் பேர் கையை இறக்கிவிட்டுக் கொப்பியைத் திறப்பார்கள்.

போட்டிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு தோட்டத்துப் பிள்ளை மலையிலிருந்து இறங்கிப் போய், மாத்தளை டவுனில் ஒரு மண்டபத்தில் அரிச்சந்திரனாக நின்று கைதட்டு வாங்கினால், அந்தப் பிள்ளையின் லயக் குடியிருப்பே ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். அது வேண்டியதுதான். என் வருத்தம் வேறு. பள்ளிக்கூடத்தில் நாடகம் என்றதும் திரைச்சீலையும் ரோஸ் பவுடரும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. கணக்குப் பாடத்திலும் வரலாற்றிலும் சிங்களத்திலும் நாடகம் பார்க்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு மேடை தேவையில்லை, வசனம் பாடமாக்கவும் தேவையில்லை. பார்வையாளர்களும் கிடையாது, ஏனென்றால் வகுப்பில் இருக்கிற எல்லோருமே நாடகத்துக்குள் இருப்பார்கள்.

லயத்துப் பிள்ளைகள் பின்னேரத்தில் விளையாடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கல்யாணம் நடக்கும், பூசாரிக்கு அருள் வரும், கடை போடுவார்கள். எனக்குப் பிடித்தது, பறித்த தேயிலையை நிறுக்கிற கொழுந்து மடுவம். வேலியோரத்துக் குரோட்டன் இலையெல்லாம் கொழுந்தாகிவிடும். சீமெந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாலு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு தடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் தராசு. கணக்கப்பிள்ளையாக வருகிற பிள்ளை இடுப்பில் ஒரு கையை வைத்து, காதில் பென்சிலைச் செருகி, முகத்தை ஒரு மாதிரி இறுக்கிக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குரல் எந்த இடத்தில் ஏறும், யாரிடம் குழையும் என்பதெல்லாம் அத்துப்படி. வகுப்பில் "எழுந்து வாசி" என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை அங்கே அதட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த மடுவத்தை அப்படியே தரம் 4 கணக்குப் பாடத்துக்குள் கொண்டுவந்தேன். நிறை, கூட்டல், கழித்தல். குரோட்டன் இலை ஒரு மூட்டை நிறைத்தாலும் பாரம் காணாது என்பதால், ஒவ்வொரு சாக்கிலும் நிறையை எழுதிய துண்டு ஒன்றைப் போட்டுவிட்டேன். ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். கணக்கப்பிள்ளை துண்டை எடுத்து வாசித்தார்.

"23 கிலோ. தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணு. 20."

அடுத்து நின்ற பிள்ளை விடவில்லை. "ஐயா, இன்னிக்கு நல்ல வெயிலுங்க. தண்ணி ஏதுங்க?"

வகுப்பு சிரித்தது. கணக்கப்பிள்ளைக்குப் பதில் வரவில்லை. காதிலிருந்து பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டார். அந்த இடத்தில் நான் கை தட்டி எல்லோரையும் அப்படியே நிற்கச் சொன்னேன். "இந்த ரெண்டு கிலோ எங்க போகுது? மாசம் 25 நாள் வேலைன்னா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். கடைசி வாங்கில் இருக்கிற, வாய் திறந்தால் அதிசயம் என்கிற ஒரு பையன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அம்பது கிலோ டீச்சர். 18ம் 18ம் 36, இன்னொரு 18 போட்டா 54. மூணு நாள் பேருக்கு நாலு கிலோதான் குறைச்சல்."

பெருக்கல், தொடர்ந்து கூட்டல், கழித்தல் மூன்றும் அந்த ஒரே பதிலில் வந்து விழுந்தன. அந்தப் பையனுக்குக் கணக்கு தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அதுவரை நாங்கள் கொடுத்த கணக்குகளைப் போடுவதற்கு அவனுக்கு ஒரு காரணம் இருக்கவில்லை.

பிறகு ஒரு சக ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளைகளுக்குத் தோட்டத்துப் பிரச்சினையையெல்லாம் ஏன் டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தது கழித்தல். பிரச்சினை அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

இந்த முறைக்கு 'ஆடிப்பாடிக் கற்றல்' என்று பெயர் சூட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஆட்டமும் பாட்டமும் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் சிரித்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள் என்பதோடு பாடம் முடிந்தால் அது இடைவேளை. ஒரு நிலைமைக்குள் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தி, 'இப்போது நீ என்ன செய்வாய்?' என்று கேட்டால்தான் நாடகம் தன் வேலையைத் தொடங்குகிறது. மடுவத்தில் கணக்கப்பிள்ளை திணறிய அந்த நொடிதான் பாடம். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அந்த நொடிக்கு வந்து சேர்வதற்கான வழி.

இதற்கெல்லாம் மேலிடத்தில் தடை ஒன்றும் கிடையாது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே இதைத்தான் சொல்கிறது. தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதலிடம், அடுத்து செயற்பாடு, எழுத்து வேலை கடைசி. தரம் 3, 4இல் மூன்றும் சமம். தரம் 5இல் எழுத்து வேலை முன்னுக்கு வரும், விளையாட்டு பின்னுக்குப் போகும். கடதாசியில் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் தரம் 5இன் புலமைப்பரிசில் பரீட்சை தன் நிழலை மூன்றாம் வகுப்பு வரைக்கும் நீட்டிவிடுகிறது. விளையாடுகிற பிள்ளையைப் பார்த்து, "பாஸ் பண்ணுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. லயத்தை விட்டு வெளியே போக அவர்களுக்குத் தெரிந்த ஒரே கதவு அந்தப் பரீட்சைதான்.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. பல தோட்டப் பாடசாலைகள் இன்னும் ஒரே நீள மண்டபம்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் சுவர் இருக்காது, கரும்பலகைதான் இருக்கும். என் வகுப்பில் மடுவம் நடந்தால் பக்கத்து வகுப்பில் திருக்குறள் நடக்காது. அதற்கு நான் கண்ட வழி சத்தமில்லாத நாடகம். வாய் திறக்காமல், உடம்பால் மட்டும். நீர் எப்படி ஆவியாகிறது என்பதற்கு இது நன்றாகவே உதவும். பிள்ளைகள் நெருக்கி நின்று தோளோடு தோள் சேர்த்து நடுங்கினால் ஐஸ், உரசிக்கொண்டு நகர்ந்தால் தண்ணீர், விலகித் திசைக்கொருவராகப் போனால் ஆவி. ஆவியான பிறகு சில பேர் தண்ணீராகத் திரும்பி வர மறுத்து மைதானத்துப் பக்கம் போய்விடுவார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆசிரியரே வேடமேற்று வகுப்புக்குள் வருவது இன்னொரு வழி. இதை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர் இங்கிலாந்தின் டொரத்தி ஹீத்கோட். 1926இல் யோர்க்‌ஷயரில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு நெசவாலை வேலைக்குப் போனவர். பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்தார். பிள்ளைகளை நடிக்கவிட்டு ஆசிரியர் ஓரத்தில் நின்று பார்க்கிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டார். தானே ஒரு பாத்திரமாக உள்ளே நுழைந்து, பிள்ளைகளுக்கு ஒரு சிக்கலைக் கொடுப்பார். அந்தச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்த கெட்டிக்காரர்கள் அவர்கள்தான் என்ற இடத்தில் அவர்களை வைப்பார். டீச்சருக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத்தான் தெரியும் என்று ஆகிவிட்டால் வகுப்பின் முதுகெலும்பே நிமிர்ந்துவிடும். மில்லில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்த முறையில் நான் எடுத்த பாடங்களில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது 1848 கிளர்ச்சி. மாத்தளையில் இருந்துகொண்டு 1848ஐப் புத்தகத்தில் மட்டும் படிப்பது அநியாயம். டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த காலம். கோப்பி விலை விழுந்து கஜானா காலி. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று போட்டார்கள். வருஷத்தில் 6 நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும் என்றும் சட்டம் வந்தது. பெரிய வகுப்புக்குள் நான் ஒரு தடித்த பேரேடும் குடையும் எடுத்துக்கொண்டு, வரி அதிகாரியாக நுழைந்தேன். வணக்கம் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

"உன் வீட்டுல நாய் எத்தனை?"

முதலில் சிரித்தார்கள். பெயரெல்லாம் சொன்னார்கள். டைகர், மணி, ஜிம்மி. நான் எழுதிக்கொண்டே போனேன். தலைக்கு இவ்வளவு என்றதும் சிரிப்பு குறைந்தது. நாலாவது வாங்கிலிருந்து ஒரு குரல்: "ஐயா, அது எங்க நாயில்லைங்க. வாசல்ல தூங்கும். ஆனா எங்களுது இல்லைங்க."

"சோறு யாரு போடுறது?"

"எல்லாரும் போடுவாங்க."

"அப்ப எல்லாரும் கட்டுங்க."

இப்படியே போய், தெருவேலைச் சட்டத்தை வாசித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "ரோட்டு யாருக்குங்க ஐயா? எங்ககிட்ட வண்டி இல்லையே." நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து வந்த ஒரு பையன் பேரேட்டைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். அவன் வரலாறு படித்துவிட்டு வந்து அதைச் செய்யவில்லை. 1848 ஜூலை கடைசியில், தம்புள்ளை விகாரையில் கிளர்ச்சிக்காரர் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிய பிறகு, அவரும் இன்னொரு தலைவரான புரன் அப்புவும் ஆட்களோடு மாத்தளைக்கு வந்தபோது கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவுகளை அழித்தார்கள் என்று நான் பிறகு சொன்னதும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 8இல் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனை 1850இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இந்தத் தேதிகளை நான் யாரையும் பாடமாக்கச் சொல்லவில்லை. பரீட்சையில் எழுதினார்கள்.

அந்தப் பாடம் முடியும் நேரத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், அப்ப நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க?"

கோப்பித் தோட்டங்களில் இருந்தார்கள். அந்தத் தெருக்கள் யாருடைய கோப்பியை இறக்கப் போடப்பட்டனவோ, அந்தத் தோட்டங்களில். கிளர்ச்சி செய்த கிராமத்துக்காரருக்கும் இவர்கள் அந்நியர், துரைக்கும் வெறும் கூலிகள். பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. அடுத்த பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

மண்டபத் தரையில் சோக்கால் நீளமாக ஒரு கோடு. ஒரு முனையில் மன்னார்க் கரை, நடுவில் காடு, பிறகு தம்புள்ளை, நாலந்தா, கடைசியில் மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோணியில் வந்திறங்கியவர்கள் நடந்த பாதை. மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து போவதற்கு முன் மாத்தளை அவர்களுக்கு ஒரு தங்குமிடம். இங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் கதையே அந்த நடையோடு சேர்ந்ததுதான். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருஷமானதை நினைவுகூர்ந்த 'மலையகம் 200'ஐ ஒட்டி, ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அந்தக் கோட்டில் நடக்க ஆளுக்கு மூன்று சாமான்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அம்மி வேண்டும் என்றாள் ஒருத்தி. பாரம் தூக்கி நடந்து பார்த்து, நடுக்காட்டில் அதைக் கீழே வைத்தாள். ஒருவன் சாமிப்படம், ஒருவன் அரிசி, ஒருவன் செருப்பு. செருப்பு எடுத்தவனைக் கேலி செய்தவர்கள் தம்புள்ளை வருவதற்குள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்த மாதிரிப் பாடத்தில் ஒரு கவனம் வேண்டும். காட்டில் காய்ச்சல் வரும், வாந்திபேதி வரும், ஆள் சாவார்கள். நடிக்கிற பிள்ளை வீட்டில் அண்மையில் ஒரு சாவு விழுந்திருக்கலாம். அப்பா குடிப்பார், அம்மா மத்திய கிழக்கில் இருப்பார். வேடத்துக்குள் போகிற கதவைத் திறக்கிறவர் வெளியே வருகிற கதவையும் திறந்துவைக்க வேண்டும். நான் செய்வது இவ்வளவுதான்: முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று, சொந்தப் பெயரைச் சொல்லி, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். "ரொட்டியும் சம்பலும்" என்று பத்து வாய் சொல்லி முடிப்பதற்குள் காடு மறைந்து வகுப்பு வந்துவிடும். முகம் மாறியிருக்கிற பிள்ளையை அன்றைக்கே தனியாகப் பார்த்துப் பேசிவிட வேண்டும்.

பயிற்சிப் பட்டறைகளில் இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு மாதிரிச் சொல்லித் தருகிறார்கள். ஹீத்கோட்டை நானும்தான் மேற்கோள் காட்டினேன். ஆனால் எங்கள் தோட்டங்களில் மாசி அமாவாசைக்குப் பிறகு கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுகிறார்கள். பகலில் கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் இரவில் ரதியாக வருவார். தப்பு அடி மாறும்போது குழந்தைக்குக்கூடத் தெரியும், இனி வரப்போவது யார் என்று. எழுத்தாளர் மாத்தளை வடிவேலன் போன்றவர்கள் இந்தக் கலைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே காமன் கதைக்கு லாவணி பாடுவார்கள். மன்மதன் எரிந்துபோனான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. விடிய விடிய வாதம் நடக்கும்.

விஞ்ஞானப் பாடத்துக்கு இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியாது. மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தேன். மெழுகு எரிந்து இல்லாமல் போய்விட்டது என்று ஒரு கட்சி. போகவில்லை, வேறு உருவத்தில் இங்கேயேதான் இருக்கிறது என்று எரியாத கட்சி. சாட்சி இல்லாமல் பேசக் கூடாது என்பது மட்டும் விதி. எரியாத கட்சிக்கு முதலில் கையிருப்பு ஒன்றும் இல்லை. தோற்கப்போகிற நேரத்தில் ஒரு பிள்ளை குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தது. உள்ளே ஆவி படிந்தது, விளிம்பில் கரி. "இது எங்கிருந்து வந்துச்சு? சொல்லு பார்ப்போம்!" என்று அது கேட்ட தொனியில் லாவணிக்காரர் தோற்றார்.

நாடகத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக யோசித்த பெரியவர்கள் நம்மிடம் நிறையப் பேர். மாத்தளையிலிருந்து எட்டிப் போகிற தூரத்தில், பேராதனையில், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றினார். அந்த மேடைகளில் ஆடிய மௌனகுரு பிறகு சிறுவர்களுக்காக 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். யாழ்ப்பாணத்தில் குழந்தை சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' தந்தார். அந்தப் பக்கம் புதுச்சேரியில் வேலு சரவணன் 'ஆழி' குழுவோடு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். இவை பிள்ளைகள் பார்க்க வேண்டிய, ஆட வேண்டிய நாடகங்கள். ஆனால் பாடத்துக்குள் நாடகம் செய்ய நினைக்கிற ஆசிரியர் அச்சான பிரதி ஒன்று கையில் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரதி கைக்கு வந்ததுமே யாருக்கு எந்த வேஷம் என்று நம் புத்தி போட்டி மேடைக்குப் போய்விடுகிறது.

இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு இதன் பலன் உடனே தெரியும். எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறினால், ஆஸ்பத்திரிக்குப் போனால், கிராம சேவகர் கந்தோருக்குப் போனால் சிங்களம் வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு "இதுரு சல்லி" (மிச்சக் காசு) கேட்க வாய் வராது. வாங்குகளை இரண்டு வரிசையாகப் போட்டால் பஸ். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்க) என்று கத்திக்கொண்டே வருவார். எங்கே இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாதவர் எல்லாத் தரிப்பையும் தாண்டிக் கடைசிவரை போக வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. ஆஸ்பத்திரி விளையாட்டில் ஒரு பிள்ளை பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தாள். வேடம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அதுதான் அவள் வேலை.

அடுத்த தவணைக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். கீழே கிராமத்துச் சிங்களப் பாடசாலை டீச்சர் ஒருவர் சொகரி பற்றிச் சொன்னார். கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் சூடடிக்கிற களத்தில் ஆடுகிற கூத்து. குருஹாமியும் அவர் மனைவி சொகரியும் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி இலங்கைக்கு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் சோக்குக் கோட்டை அவர்கள் களத்துக்கு நீட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாள் பாடம். அதிபர்மார் இருவரும் தலையாட்டிவிட்டார்கள், வலயத்துக்கு எழுதிப் போட வேண்டும், பஸ் காசுக்கு வழி பார்க்க வேண்டும். சொகரி கதையில் குருஹாமியை ஒரு நாய் கடித்து, நாட்டு வைத்தியரான வெதராலவின் மருந்து தேவைப்படுகிற இடம் ஒன்று வருகிறது. அதைச் சொன்னதிலிருந்து என் வகுப்பில் நாய் வேஷத்துக்கு அடிதடி. "எங்க நாயில்லைங்க" என்று 1848இல் தப்பிக்கப் பார்த்தவன்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறான்.